கானகத்தை ஏட்டில் வரைந்த கைகள்

பத்துப்பாட்டினுள் ஒன்றாகிய குறிஞ்சிப்பாட்டைப் பயின்றோர், அதில் கபிலர் 99 மலர்களின் பெயர்களை ஒரே தொடராக அடுக்கிச் செல்லும் அழகை அறிவர். சுனையாடிய தலைவியும் தோழியும் மலையெங்கும் திரிந்து பறித்த மலர்களைப் பாறையின்மேல் குவித்தனர் என்பது அங்குக் கூறப்படும் செய்தி. ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழின் சிறப்பை அறிவுறுத்தப் பாடப்பெற்றது அப்பாட்டு என்பது மரபு. தமிழை அயலார்க்கு அறிமுகப்படுத்த முற்பட்ட புலவர் முதலில் தம் மலையின் பூக்களை எடுத்துக் காட்டினார் என்பதை எண்ணும்போது, தாய்மண்ணை விட்டுத் தொலைவில் வாழும் நமக்கு ஒரு தனி மகிழ்ச்சி தோன்றுகின்றது.

ஆயினும் ஓர் இடர் உண்டு. அந்த 99 மலர்களுள் சில இன்று எவை என்று அறுதியிட்டுக் கூற இயலவில்லை. உரையாசிரியர் ஒன்றைச் சொல்வர். தாவரவியலார் வேறொன்றைக் காட்டுவர். ஒரே பெயர் ஒரு மாவட்டத்தில் ஒரு செடிக்கும், அடுத்த மாவட்டத்தில் மற்றொரு செடிக்கும் வழங்குகின்றது. பெயர் நின்றுவிட்டது, உருவம் மறைந்துவிட்டது. சொல்லால் மட்டும் காக்கப்பட்ட செடி காலப்போக்கில் புதிராகிவிடும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

இதற்கு நேர்மாறான நிலையும் நம் வரலாற்றில் உண்டு. கடந்த நூற்றாண்டுகளில் நம் மேற்குமலைத் தொடரின் மழைக்காட்டுச் செடிகளையும் மரங்களையும் உள்ளது உள்ளவாறே தாளில் வரைந்து வைத்த ஓவியர் பலர் இருந்தனர். அவர்கள் வரைந்த செடி எது என்பதில் இன்று எவர்க்கும் ஐயமில்லை. ஆனால் வரைந்தவர் எவர், எவ்வூரினர் என்பதுதான் பெரும்பாலும் மறைந்துவிட்டது. அங்கே புலவர் பெயர் நின்றது, பூ மறைந்தது; இங்கே பூ நின்றது, ஓவியர் மறைந்தனர். இவ்விரண்டு இழப்புகளையும் ஒருசேர எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மலபார் தந்த பெருநூல்

இவ்வரலாற்றைக் கொச்சியிலிருந்து தொடங்குவது முறையாகும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு டச்சுக்காரரின் தளபதியாக இருந்த ஹென்ரிக் வான் ரீடு என்பவர், மலபார்ச் செடிகள் அனைத்தையும் தொகுத்து ஒரு நூல் செய்ய விரும்பினார். 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்', அதாவது 'மலபார்த் தோட்டம்' என்னும் பெயருடன் அந்நூல் 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. 700க்கும் மேற்பட்ட செடிகள் அதில் படத்துடன் விளக்கப்பட்டுள்ளன.

செடிகளின் பெயரையும் பயனையும் எடுத்துரைத்தவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ வைத்தியர். அவரது சான்றுரை 1675இல் கோலெழுத்தில் எழுதப்பெற்று, அந்நூலின் முதல் தொகுதியிலேயே அச்சிடப்பட்டது. ரங்க பட்டர், விநாயக பண்டிதர், அப்பு பட்டர் என்னும் கொங்கணி அந்தணர் மூவரும் துணைநின்றனர். இவர்கள் பெயரெல்லாம் அந்நூலில் இருப்பதால்தான் இன்றும் நாம் சொல்ல முடிகின்றது. ஆனால் மரமேறிப் பூவும் காயும் பறித்து வந்தவர்களும், காடுமேடெல்லாம் அலைந்து கொடி சுமந்தவர்களும் பெயரின்றியே போயினர்.

இந்நூலின் படங்களுக்கு இன்றுள்ள மதிப்பை நாம் அறிதல் வேண்டும். சுவீடன் நாட்டு லின்னேயஸ் 1753இல் உலகத் தாவரங்களுக்கு இருசொற் பெயர் சூட்டியபோது, மலபார்ச் செடிகள் பலவற்றுக்கு அவர் கையில் இருந்த சான்று இந்நூலின் படங்களே. ஒரு செடிக்குப் பெயர் சூட்டுவோர் அதற்குரிய மூல மாதிரி ஒன்றைக் காட்டுதல் வேண்டும் என்பது தாவரவியல் விதி. உலர்த்திய செடி இல்லாதபோது படமே அம்மூல மாதிரியாக அமைகின்றது. எனவே அந்தப் படம் நூலுக்கு வெறும் அணியன்று. நீதிமன்றத்தில் மூல ஆவணம் எவ்வாறோ, தாவரவியலில் அவ்வாறு நிற்பது. கேரளத்துப் பேராசிரியர் கா.சு. மணிலால் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இந்நூலுக்கே செலவிட்டு, 2003இல் அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகத்தின் வழி வெளிக்கொணர்ந்தார் என்பது நன்றியுடன் நினைக்கத்தக்கது.

சோழமண்டலக் கரையில்

அடுத்த நூற்றாண்டில் காட்சி கிழக்குக் கரைக்கு மாறுகின்றது. ஸ்காட்லாந்து மருத்துவர் வில்லியம் ராக்ஸ்பர்க் 1776இல் சென்னைக்கு வந்து, பின்னர் இன்றைய ஆந்திரத்திலுள்ள சாமல்கோட்டையில் தங்கினார். அங்கே உள்நாட்டு ஓவியரை அமர்த்திச் செடிகளை வரையச் செய்தார். அவ்வோவியங்களுள் 300 தேர்ந்தெடுக்கப்பட்டு, 'சோழமண்டலக் கரைத் தாவரங்கள்' என்னும் நூலாக 1795 முதல் இலண்டனில் வெளிவந்தன. 1793இல் ராக்ஸ்பர்க் கல்கத்தாத் தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளர் ஆனார். அவர் வரைவித்த படங்கள் 2,500க்கும் மேற்பட்டவை. அவற்றின் ஒரு தொகுப்பு இலண்டன் கியூத் தோட்டத்திலும், மற்றொன்று ஹௌரா சிப்பூரிலுள்ள நம் மத்திய அரசின் தாவரத் தொகுப்பகத்திலும் உள்ளன. கொல்கத்தாவில் வாழும் நம்மவர் விடுமுறை நாளில் பெரிய ஆலமரத்தைக் காணச் செல்லும் அதே வளாகந்தான் அது. ஆனால் அத்தனை படங்களையும் வரைந்தோரின் பெயர்கள் படங்களின்மேல் இல்லை.

இதற்குக் காரணம் உண்டு. அன்று கம்பெனி அதிகாரிகளின் கணக்கில் ஓவியரும் எழுத்தரும் பல்லக்குச் சுமப்போரும் ஒரே வரிசையில் நின்ற சம்பளக்காரர்களே. எந்தப் பணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது கணக்கு. எவர் செய்தார் என்பது கணக்கன்று. அலுவலகக் கோப்புகளுடன் பழகிய நமக்கு இது வியப்பளிப்பதன்று. குறிப்பு எழுதியவர் பெயர் கோப்பின் அடியில் மறையும். ஒப்பமிட்டவர் பெயரே மேலே நிற்கும். கல்கத்தாவில் வாலிக் என்னும் தாவரவியலார்க்கு வரைந்த விஷ்ணுபிரசாத், கோராசந்த் ஆகிய இருவரும் தம் பெயர் படத்தில் பொறிக்கப்பெற்ற சிறுபான்மையினர்.

ரங்கய்யாவும் கோவிந்துவும்

தென்னாட்டில் இவ்வழக்கத்தினின்று சற்றே விலகியவர் ராபர்ட் வைட் என்பவர். 1796இல் ஸ்காட்லாந்தில் பிறந்த இவர் 1819இல் கம்பெனி மருத்துவராகச் சென்னைக்கு வந்தார். 1826இல் சென்னை அரசின் இயற்கை ஆய்வாளர் பதவி இவர்க்குக் கிடைத்தது. இரண்டே ஆண்டுகளில் செலவு மிகுதி என்று அப்பதவியையே அரசு எடுத்துவிட்டது. வைட் மீண்டும் படைமருத்துவராக நாகப்பட்டினம் சென்றார். பதவி போயினும் செடிகளின்மீது கொண்ட காதல் போகவில்லை. அந்நாளிலேயே ரங்கய்யா என்னும் ஓவியர் அவருடன் இருந்தார்.

ரங்கய்யா தெலுங்கு ராஜு மரபினர் என்பர். தஞ்சை அரண்மனையைச் சார்ந்து தெய்வ உருவங்களையும் அரசவைக் காட்சிகளையும் தீட்டி வந்த ஓவியக் குடிகளுள் ராஜுக்களும் இருந்தனர் என்பது நாம் அறிந்ததே. அக்குடிகளில் தொழில் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது. வண்ணம் அரைப்பதும் தூரிகை கட்டுவதும் சிறுவயதிலேயே கைக்குப் பழகிவிடும். அதே காலத்தில் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் செடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். சரசுவதி மகால் நூலகத்தில் அத்தகைய ஓவியங்களைக் காணலாம். ஆகவே கண்ணனையும் இராமனையும் தீட்டிய கைகள் காட்டுச் செடியைத் தீட்டத் தொடங்கியது திடீரென நேர்ந்த மாற்றமன்று.

எனினும் அவர்கள் கற்க வேண்டியது மிகுதியாக இருந்தது. கோயில் ஓவியத்தில் மலர் ஓர் அணி. அதற்கு எத்தனை இதழ் என்று எவரும் எண்ணிப் பாரார். தாவரப் படத்தில் இதழின் எண்ணிக்கையே உயிர். இலைகள் எதிரெதிராக அமைந்தனவா, மாறிமாறி அமைந்தனவா; மகரந்தத் தாள் எத்தனை; சூற்பையைக் குறுக்கே அறுத்தால் எத்தனை அறைகள்; ஒவ்வோர் அறையிலும் விதை எவ்வாறு ஒட்டியுள்ளது என்பனவெல்லாம் தவறாது காட்டப்பட வேண்டும். பூவை ஊசிமுனையால் பிரித்து, உருப்பெருக்கியின் கீழ் நோக்கி, கடுகளவினும் சிறிய உறுப்பைக் கையகலத்திற்கு விரித்து வரைதல் வேண்டும். செடி புதிதாகக் கிடைக்காதபோது, உலர்ந்த பூவை நீரில் ஊறவைத்து, சுருங்கிய இதழ்களை விரித்து, அது உயிரோடிருந்த கோலத்தை மனத்தில் கண்டு வரைய வேண்டியிருந்தது. இதனை ரங்கய்யா கற்றுத் தேர்ந்தார். அவர் வரைந்த படங்கள் சிலவற்றை வைட் கடல்கடந்து அனுப்ப, 1830களின் தொடக்கத்தில் கிளாஸ்கோப் பேராசிரியர் ஹூக்கர் தம் தாவரவியல் வெளியீட்டில் அச்சிட்டார். தாம் பார்த்திராத நாட்டில் தம் படம் அச்சேறியதை ரங்கய்யா அறிந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்று நாம் எண்ணிப் பார்க்கிறோம்.

1834இல் வைட் விடுப்பு முடிந்து திரும்பியபின் பணி விரிந்தது. குற்றாலத்திலும் பழனிமலையிலும் நீலகிரியிலும் கோவையை அடுத்த போளுவாம்பட்டி மலையிலும் செடிகள் திரட்டப்பட்டன. 1842 முதல் கோவைச் சீமையில் அமெரிக்கப் பருத்தியை விளைவிக்கும் சோதனைக்கு வைட் பொறுப்பேற்றார். நாள்முழுதும் பருத்தியும் வருவாய்த் துறைக் கடிதங்களும் அவரது நேரத்தை விழுங்கின. அதற்கிடையேயும் படங்கள் நிற்கவில்லை. ஏறக்குறைய 20 ஆண்டுகள் உழைத்த ரங்கய்யாவுக்குப்பின், 1840களின் நடுவில் கோவிந்து என்னும் ஓவியர் அப்பணியை ஏற்றார்.

கல்லில் பதிந்த கோடு

இவர்களது உழைப்பின் அளவை ஓர் எண்ணால் விளக்கலாம். 'ஐகோன்ஸ்' என்று தாவரவியலார் சுருக்கமாகக் குறிக்கும் வைட்டின் பெருநூல் 1838 முதல் 1853 வரை சென்னையில் 6 தொகுதிகளாக வந்தது. அதிலுள்ள படங்கள் 2,101. அதனோடு 'இந்தியத் தாவரவியல் விளக்கப்படங்கள்' என்னும் நூலும், நீலகிரிச் செடிகளுக்கென்றே 1846 முதல் 1851 வரை வெளிவந்த மற்றொரு நூலும் வண்ணப் படங்களுடன் வந்தன.

அன்று சென்னையில் கல்லச்சு முறை வழக்கிற்கு வந்திருந்தது. எண்ணெய்ப்பசையுள்ள மையால் வழவழப்பான கல்லின்மீது உருவத்தைப் பதித்து, கல்லை நீரால் நனைத்து, அச்சுமையைத் தடவினால் கோடுகள் மட்டும் மையைப் பற்றிக்கொள்ளும். நனைந்த இடம் தள்ளிவிடும். அதன்மேல் தாளை வைத்து அழுத்தினால் படம் கிடைக்கும். கோடு தடித்தால் அழிப்பது அரிது. மெலிந்தால் அச்சில் விழாது. வண்ணம் வேண்டிய படங்களுக்கு ஒவ்வொரு தாளிலும் தனித்தனியே கையால் வண்ணம் தீட்டப்பட்டது. வெப்பம் மிகுந்த சென்னையில், வியர்வை தாளில் படாமல் இந்நுண்பணி ஆண்டுக்கணக்கில் நிகழ்ந்தது.

அப்படங்களின் அடியில் ஒரு மூலையில் மிகச் சிறிய எழுத்தில் 'ரங்கய்யா டெல்.' என்றும், பின்வந்த தொகுதிகளில் 'கோவிந்து டெல்.' என்றும் காணப்படும். 'டெல்.' என்பது 'வரைந்தவர்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லின் சுருக்கம். ஐரோப்பிய ஓவியர்க்கு வழங்கிய அதே மரியாதை அது. சென்னை மாகாணத் தாவரங்களைப் பற்றிக் கேம்பிள் 1915 முதல் வெளியிட்ட நூலிலும், அதன்பின் வந்த நூல்களிலும் ஒவ்வொரு செடியின் பெயருக்கு அருகில் வைட்டின் படஎண் மேற்கோளாகத் தரப்படுகின்றது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் தாவர வகைப்பாட்டியல் பயிலும் மாணவர் தம்மை அறியாமலே ரங்கய்யாவின் கோட்டைப் பார்த்துச் செடியை அடையாளம் காண்கின்றனர்.

நம் மழைக்காட்டுக் காசித்தும்பைகளை ஓர் எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வீட்டு முற்றத்தில் வளரும் காசித்தும்பையின் உறவினங்களாகிய இவை நீலகிரி, ஆனைமலை, பழனிமலை ஆகியவற்றின் ஈரமான பாறைகளிலும் ஓடைக்கரைகளிலும் பல வகையாகப் பூக்கின்றன. மலர் மிக மென்மையானது. தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி உலர்த்தினால், நீர்ச்சத்து வற்றி இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டி, எது இதழ், எது புல்லி, பின்னால் நீளும் வால் எங்கே என்று அறியாவண்ணம் ஆகிவிடும். மலர் வாடுமுன் வரைந்த படம் ஒன்றே அதன் உண்மை உருவத்தைக் காக்கும். அறிஞரின் விளக்கவுரை தோற்கும் இடத்தில் ஓவியரின் கண் வென்றது என்பதற்கு இது சான்று.

ஓர் ஆர்க்கிட்டின் பெயர்

புதிதாகக் கண்ட செடிகளுக்கு ஆளுநர், தளபதி, அவர்தம் துணைவியர் ஆகியோர் பெயரைச் சூட்டுவது அக்கால வழக்கம். வைட் 1853இல், தம் பெருநூலின் இறுதிப் பக்கங்களில், நிலத்தில் வளரும் ஓர் ஆர்க்கிட் செடிக்குத் தம் ஓவியர் பெயரால் 'கோவிந்தூயா' என்று பேரினப் பெயர் சூட்டினார். ஓர் இந்திய ஓவியரின் பெயர் உலகத் தாவரப் பட்டியலில் ஏறியது அன்று அரிதான சிறப்பு.

ஆனால் அச்சிறப்பு நீடிக்கவில்லை. அச்செடி அதற்கு முன்பே 'திரோப்பிடியா' என்னும் பேரினத்தில் அடங்கியது எனப் பின்னர்த் தெளிவாயிற்று. முதலில் சூட்டிய பெயரே நிற்கும் என்பது விதி. எனவே 'கோவிந்தூயா' வழக்கொழிந்த பெயர்களின் வரிசையில் சேர்ந்தது. இதில் எவர் குற்றமும் இல்லை. ஆயினும் ரங்கய்யா, கோவிந்து இருவரின் பிறந்த ஊரோ பிறந்த ஆண்டோ அந்நூல்களில் குறிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கும்போது, நமக்கு நெஞ்சு கனக்கின்றது.

1853இல் வைட் ஓய்வுபெற்றுத் தாய்நாடு திரும்பினார். ஓவியங்களும் கடல்கடந்தன. இன்று அவற்றுள் நூற்றுக்கணக்கானவை எடின்பரோ அரசத் தாவரத் தோட்டத்தில் உள்ளன. அத்தோட்டத்து அறிஞர் ஹென்றி நோல்ட்டி என்பவர் அவற்றை ஆராய்ந்து, 2007இல் வைட்டைப் பற்றிய நூலை மூன்று தொகுதிகளாக வெளியிட்டபோது, ஒரு தொகுதியின் தலைப்பிலேயே ரங்கய்யா, கோவிந்து ஆகிய இருவர் பெயரையும் இட்டார். மூலையிலிருந்த பெயர் முகப்பிற்கு வர 150 ஆண்டுகளுக்குமேல் ஆயிற்று!

படம் வளர்ந்தது, காடு குறைந்தது

கோவிந்துவின் தூரிகை வைட்டுடன் ஓய்ந்துவிடவில்லை. சென்னையிலேயே பிறந்த ஹியூ கிளெக்ஹார்ன் 1856இல் சென்னை மாகாணத்தின் முதல் வனக்காப்பாளர் ஆனார். அவர்க்கும் கோவிந்து வரைந்தார். இளமையில் மைசூர்ச் சீமையின் ஷிமோகாவில் பணியாற்றியபோது, நாளொன்றுக்கு ஒரு செடி என்று கிளெக்ஹார்ன் வரையச் செய்தார். அவற்றை வரைந்தவர் ஒரு மராத்தி ஓவியர் என்பதற்குமேல் பெயர் எழுதப்படவில்லை. அடுத்துவந்த வன அதிகாரி பெடோம், தென்னிந்தியக் காட்டு மரங்களைப் பற்றிய தம் நூலை 1869 முதல் 1874 வரை 330 படங்களுடன் வெளியிட்டார். அதிலும் நம் நாட்டு ஓவியரின் உழைப்பு உண்டு. 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் தொடங்கிய ஓவியப் பள்ளியும் இதே காலத்தது; 1852இல் அரசு ஏற்ற அப்பள்ளியே இன்று அரசு கவின்கலைக் கல்லூரியாகத் திகழ்கின்றது.

இவ்வோவியங்கள் பெருகிய அதே ஆண்டுகளில்தான் காடு குறையத் தொடங்கியது என்பது வரலாற்றின் முரண். நீலகிரியில் 1840களில் ஆஸ்திரேலியத் தைல மரமும் சீகை மரமும் வேரூன்றின. காப்பியும் பின்னர்த் தேயிலையும் மலைச்சரிவுகளை விழுங்கின. இருப்புப்பாதைக்குக் கட்டைகள் வேண்டி மரங்கள் வீழ்ந்தன. மலைமடிப்புகளில் பனியைப் பற்றி நீராக்கித் தரும் சோலைக் காடுகளும், அவற்றைச் சூழ்ந்த புல்வெளிகளும் சுருங்கின. காட்டழிவின் தீங்கை விளக்கி 1851இல் பிரித்தானிய அறிவியல் சங்கத்திற்கு அளிக்கப்பட்ட அறிக்கையில் கிளெக்ஹார்னுக்கும் பங்குண்டு. எதை வரைந்தார்களோ அது கண்முன்னே மறைவதை அவர்கள் கண்டனர். காவிரியின் கிளையாறுகளாகிய பவானியும் அமராவதியும், தென்கோடியில் தாமிரவருணியும் இம்மலைத் தொடரில் தோன்றுபவை. ஆதலின் சோலை குறைவது மலைவாழ் மக்களின் கவலை மட்டுமன்று. தஞ்சை வயலின் கவலையும் நெல்லை வயலின் கவலையும் அதுவே. மேற்குமலைத் தொடரின் பகுதிகளை 2012இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. எந்தச் செடி எங்கிருந்தது என்று இன்று கேட்போர்க்கு அப்பழைய படங்களும் விடையளிக்கின்றன.

எழுத்தும் தூரிகையும் ஒரு கையில்

20ஆம் நூற்றாண்டில் இம்மரபு வேறொரு வடிவம் கொண்டது. சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன், நீலகிரி, பழனி மலையுச்சிச் செடிகளைப் பற்றிய நூலை 1915 முதல் வெளியிட்டார். அதன் படங்களை வரைந்தோருள் அவர்தம் துணைவியாரும் ஒருவர். அவ்விருவருடனும் மலைகளுக்குச் சென்று, செடியை நோக்கவும் நீர்வண்ணம் தீட்டவும் கற்றுக்கொண்ட இளைஞர் ஒருவர் இருந்தார். அவரே நாவலாசிரியர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன்.

1912இல் பிறந்த கிருஷ்ணன் 1950 முதல் 1996இல் மறையும் வரை கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் காட்டுயிர்களைப் பற்றி எழுதி வந்தார். தாம் எழுதியவற்றுக்குத் தாமே படமும் வரைந்தார். தமிழிலும் எழுதினார். யானையும் மந்தியும் மட்டுமன்றிக் காக்கையும் ஓணானும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அவர்க்குப் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. கல்கத்தாவில் வாழ்ந்த நம்மவர் பலர் காலைக் காப்பியுடன் தம் ஊர்க் காட்டைக் கண்டது இவர் வழியாகத்தான் எனலாம். காண்பவர் ஒருவர், எழுதுபவர் ஒருவர், வரைபவர் மற்றொருவர் என்றிருந்த பிரிவு இவரிடத்தில் மறைந்தது. பெயரும் படமும் ஒரே கையினின்று பிறந்தன.

காட்டினரே வரையும் காடு

இதற்கும் மேலான ஒரு நிலை உண்டு. அது காட்டில் வாழ்வோரே காட்டை வரைவது. நீலகிரியின் ஆலுக்குறும்பர் சுவர்களிலும் பாறைகளிலும் ஓவியம் தீட்டும் பழக்கம் உடையவர். அவர்தம் வண்ணங்கள் கடையில் வாங்கியன அல்ல. சிவப்பும் வெள்ளையும் மண்ணிலிருந்தும், கருமை மரப்பட்டையிலிருந்தும், பச்சை இலைச்சாற்றிலிருந்தும் பெறப்படுவன. கோத்தகிரிப் பக்கத்து வெள்ளரிக்கொம்பையைச் சேர்ந்த கிருஷ்ணன் என்னும் ஓவியர் இம்மரபைத் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்து, உலகம் அறியச் செய்தார். தேனெடுக்கும் காட்சியும், விலங்குகளும், தெய்வ வழிபாடும் அவ்வோவியங்களின் பொருள்கள். மலையூர் இளைஞர் சிலர் இன்று அவ்வழியில் வரைகின்றனர்.

இவ்வோவியங்களில் மகரந்தத் தாளின் எண்ணிக்கையைத் தேட முடியாது. ஆனால் தேன்கூடு எந்தப் பாறையில் தொங்கும், கொடியேணி எவ்வாறு கட்டப்படும், கீழே நிற்பவர் யார் என்பனவெல்லாம் அங்கே உண்டு. ரங்கய்யா செடியை அதன் இடத்திலிருந்து பிரித்து வெண்தாளின் நடுவே நிறுத்தினார். அறிவியல் அதனை வேண்டிற்று. குறும்ப ஓவியர் செடியையும் விலங்கையும் மனிதனையும் பிரிக்காமல் ஒருங்கே வைக்கின்றார்; வாழ்க்கை அதனை வேண்டுகின்றது. இரண்டும் உண்மையே. ஒன்று மற்றொன்றுக்குத் தாழ்ந்ததன்று. வேறுபாடு ஒன்றே: முன்னது பிறர் ஏவ வரைந்தது, பின்னது தம் காட்டைத் தாமே கூறுவது.

நாம் செய்யத்தக்கது

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வளரும் நம் பிள்ளைகள் தமிழைப் பேசுகின்றனர். சிலர் படிக்கவும் செய்கின்றனர். ஆனால் வேங்கை, காந்தள், குறிஞ்சி என்னும் சொற்கள் அவர்களுக்கு வெறும் ஒலிகளாகவே உள்ளன. கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது உறவினர் வீடுகளையும் கோயில்களையும் காட்டும் நாம், ஒரு மரத்தின் அடியில் நின்று அதன் பெயரைச் சொல்வது அரிது. வைட்டின் நூற்படங்கள் இன்று எண்மமாக்கப்பட்டுள்ளன. வீட்டுக் கணினியிலேயே அவற்றைக் காணலாம். மூலையிலுள்ள அச்சிறு பெயரைப் பிள்ளைகளுக்குச் சுட்டிக்காட்டுவது ஒரு நல்ல தொடக்கமாகும்.

கொடைக்கானலிலும் மூணாற்றிலும் பெருவாரியாக 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை மலரும் குறிஞ்சி 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. அடுத்த முறை 2030இல் பூக்க வேண்டும். அப்போது அம்மலைக்குச் செல்லும் நம் குடும்பங்கள், பூவைப் பறிக்காமல், ஒரு வரைதாளையும் எழுதுகோலையும் பிள்ளைகளின் கையில் கொடுத்துச் சற்று நேரம் பாறையில் அமரட்டும். படம் கோணலாக வரலாம், அதனால் குறையில்லை. வரைந்தபின் அடியில் மூன்று செய்திகளை எழுதச் சொல்வோம்: பூவின் தமிழ்ப் பெயர், பூத்த இடமும் நாளும், வரைந்தவர் பெயர். கபிலரின் மலர்களுக்குக் கிடைக்காத உருவமும், ரங்கய்யாவுக்கும் கோவிந்துவுக்கும் முழுமையாகக் கிடைக்காத பெயரும் அந்த ஒரு தாளிலாவது சேர்ந்து நிற்கும்.